உஷார்! வளைகுடாவில் இருக்கும் பிள்ளையின் கணுக்காலைப் பாருங்கள்

துபாய், ஷார்ஜா, ரியாத், தோஹா, குவைத், மஸ்கட் என்று வளைகுடாவில் உங்கள் வீட்டு ஆள் யாராவது வேலை பார்த்தால், அடுத்த முறை வீடியோ காலில் பேசும்போது முகத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போனை வைத்துவிடாதீர்கள். காலைக் காட்டச் சொல்லுங்கள். கணுக்காலுக்குச் சற்று மேலே, முன்பக்க எலும்பின் மேல், கட்டை விரலால் பத்து விநாடி அழுத்திவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். குழி விழுந்து அப்படியே நிற்கிறதா? அன்றைக்கே டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். நாள் முழுக்க நின்று வேலை செய்வதால் வந்த வீக்கமாக இருக்கலாம். சிறுநீரகமோ இதயமோ கெட்டிருக்கலாம். சாப்பாடு பற்றாமல் உடம்பு தன் தசையைத் தானே தின்னத் தொடங்கியிருக்கலாம். இந்தக் கடைசிக் காரணத்தைத்தான் நம்மில் யாரும் சந்தேகிப்பதில்லை. அதனால்தான் இவ்வளவு பதற்றத்தோடு எழுதுகிறேன்.

எண்ணெய் விளைகிற பூமியில் பட்டினியா என்று கேட்காதீர்கள். 2016 ஜூலை கடைசியில் சவுதியில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். எண்ணெய் விலை சரிந்ததும் பெரிய கட்டுமான கம்பெனிகள் சம்பளத்தை நிறுத்தின. ஜெத்தாவில் சவுதி ஓஜர் கம்பெனியின் கேம்ப்களில் ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்கள் சோற்றுக்கு வழியில்லாமல் கிடந்தார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உணவின்றித் தவிப்பதாக அப்போதைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜே சொன்னார். ஜெத்தாவின் இந்தியத் துணைத் தூதரகமும் அங்கே வசிக்கும் நம் ஆட்களும் சேர்ந்து 15,000 கிலோவுக்கு மேல் உணவுப் பொருட்களை கேம்ப்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். 2021 ஜனவரியில் அமீரகத்தின் உம் அல் குவைன் கடற்கரையில் எம்.டி. ஐபா என்ற கப்பல் தரைதட்டியது. உரிமையாளர் கைவிட்டுவிட்ட அந்தக் கப்பலில் ஐந்து பேர் இரண்டரை வருஷத்துக்கு மேல் சம்பளமில்லாமல், தொண்டு அமைப்புகள் கொடுத்த உணவையும் நம்பிக் காலம் தள்ளியிருந்தார்கள்.

இதெல்லாம் பேப்பரில் வந்த பட்டினி. பேப்பரில் வராத பட்டினி ஒன்று இருக்கிறது. அது மாதக்கணக்கில் மெல்ல நடக்கும். சம்பளம் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும் இடத்திலும் நடக்கும்.

லேபர் கேம்ப் வாசலில் விடிகாலை நான்கு மணிக்கெல்லாம் மெஸ் வேன் வந்து நிற்கும். காலைக்கும் மதியத்துக்கும் சேர்த்து ஒரே பை. பிளாஸ்டிக் கவரில் சோறு, முடிச்சுப் போட்ட இன்னொரு கவரில் சாம்பாரோ பருப்போ, ஓரத்தில் கொஞ்சம் பொரியல். முந்தின நாள் ராத்திரியே சமைத்தது. பஸ் ஏறி, சைட்டுக்குப் போய், கம்பி கட்டி, பலகை தூக்கி, மதியம் அந்தக் கவரின் முடிச்சை அவிழ்க்கும்போது வெளியே 45 டிகிரி. புளித்த வாடை மூக்கில் அடிக்கும். சாம்பாரைக் கீழே கொட்டிவிட்டு, சோற்றில் பாதியை ஊறுகாயோடு விழுங்கிவிட்டு மீதியைக் கட்டிப் போடுகிறவர்கள் ஏராளம். வாடையைப் பொருட்படுத்தாமல் முழுவதையும் சாப்பிட்டவருக்கு ராத்திரி வயிற்றுப்போக்கு. கொட்டினாலும் நஷ்டம், தின்றாலும் நஷ்டம். சாயங்காலம் ஒரு கரக் டீயில் குப்பூஸ் ரொட்டியை நனைத்துத் தின்றுவிட்டுப் படுத்துவிடுகிறார்கள்.

ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை திறந்த வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்பது அமீரகச் சட்டம். நல்ல சட்டம். ஆனால் அந்த இரண்டரை மணி நேர நிழலிலும் பசி திரும்புவதில்லை. கடும் வெயிலில் உடம்பு பசியை அடக்கிவிடும். தண்ணீர் மட்டுமே கேட்கும். நாலைந்து லிட்டர் தண்ணீர் குடித்த வயிற்றில் சோறு எங்கே இறங்கும்?

இதற்கு மேல் கடன். ஊரில் ஏஜென்ட்டுக்குக் கொடுத்த பணம் வட்டிக்கு வாங்கியதாக இருக்கும். 800, 1,000 திர்ஹம் சம்பளக்காரர் முதல் வருஷம் முழுக்க அந்தக் கடனுக்குத்தான் உழைக்கிறார். வாடகையைக் குறைக்க முடியாது, போன் ரீசார்ஜைக் குறைக்க மனம் வராது. குறைக்க முடிந்தது தட்டில் இருப்பது மட்டும். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அனுப்புகிறார் என்று ஊரில் பெருமையாகச் சொல்கிறோமே, அந்தக் கட்டுத்தான் இந்த நோய். விசிட் விசாவில் வேலை தேடி வந்து, கையிலிருந்த காசு கரைந்து, தெரிந்தவர் ரூமில் ஒண்டிக்கொண்டு ஒருவேளைச் சாப்பாட்டில் நாளை ஓட்டும் பையன்களின் நிலைமை இதைவிட மோசம். அவர்கள் கூச்சத்தில் வாயே திறப்பதில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 65 கிலோ எடையுள்ள ஆண் கடும் உடலுழைப்புச் செய்தால் நாளொன்றுக்கு 3,470 கலோரி வேண்டும் என்கிறது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரை. புரதம் 54 கிராம். சமைத்த சோறு 100 கிராமில் ஏறக்குறைய 130 கலோரியும் இரண்டரை கிராம் புரதமும்தான் இருக்கும். ஒரு கவரில் 400 கிராம் சோறு என்று வையுங்கள். மூன்று வேளையும் ஒரு பருக்கை விடாமல் தின்றாலும் 1,560 கலோரி, 30 கிராம் புரதம். தண்ணீர்ச் சாம்பார் இதில் பெரிதாக எதையும் கூட்டிவிடாது.

இந்த அளவு சாப்பாட்டில் ஆரோக்கியமான இளைஞர்களை வைத்தால் என்ன ஆகும் என்பது உலகத்துக்குத் தெரியும். 1944-45-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி, தாமாக முன்வந்த 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரி மட்டும் கொடுத்துப் பார்த்தார். உடல் எடையில் கால்வாசி போய்விட்டது. நாடித்துடிப்பு மந்தமானது. எப்போதும் குளிரெடுத்தது. கால் வீங்கியது. முடி உதிர்ந்தது. எரிச்சலும் சோர்வும் மாறி மாறி வந்தன. எந்நேரமும் சாப்பாட்டைப் பற்றியே நினைத்தார்கள், சமையல் புத்தகங்களைப் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சிமென்ட் மூட்டை தூக்கவில்லை. அரேபிய வெயிலிலும் நிற்கவில்லை.

உடம்புக்குள் நடப்பது இதுதான். ஈரலில் சேமித்த சர்க்கரை ஏறக்குறைய ஒரு நாளில் தீர்ந்துவிடும். அப்புறம் கொழுப்பு எரியும், கூடவே தசையும் கரையும். கொழுப்பைச் சேமித்து வைக்க உடம்பில் இடம் உண்டு. புரதத்துக்கு அப்படிக் கிடங்கு கிடையாது. உடம்பில் இருக்கிற புரதமெல்லாம் ஏதாவது ஒரு வேலையில் இருப்பதுதான். அதை எடுத்து எரிப்பது வீட்டு உத்திரத்தைப் பிடுங்கி அடுப்பில் வைப்பது போல. கை கால் தசை மட்டும் கரைவதில்லை. இதயமும் தசைதான், மூச்சை இழுக்கும் உதரவிதானமும் தசைதான். உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டும். சாரத்தில் நாலாவது மாடியில் நிற்கிறவருக்கு ஒரு நொடி கண் இருட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சின்ன வெட்டுக்காயம் வாரக்கணக்கில் ஆறாது. தோல் வறண்டு உரியும். முடி சாயம் போனதுபோல் மங்கி, இழுத்தால் கையோடு வரும்.

இந்த இடத்தில் இன்னொரு உஷார். மெலிந்திருக்கிறோம் என்று புரிந்ததும் சிலர் ஜிம் பையன்களைப் பார்த்துப் புரோட்டீன் பவுடர் டின் வாங்குகிறார்கள். வயிற்றுக்குச் சோறு பற்றாதபோது அந்தப் பவுடர் தசையாக மாறாது. விலை உயர்ந்த விறகாக எரிந்து போகும். இதைச் சொல்வதற்கு நம் மண்ணிலேயே ஒரு மேதை இருந்தார். சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன், 1918-ல் பிறந்து 2019-ல் மறைந்தவர். நம் ஊர்க் குழந்தைகளின் ஊட்டக்குறைவை ஆராய்ந்து, கை கால் வீங்கும் குவாஷியார்க்கரும் எலும்பும் தோலுமாக்கும் மராஸ்மஸும் வெவ்வேறு சாப்பாட்டால் வந்தவை அல்ல, ஒரே பற்றாக்குறையின் இரண்டு முகங்கள் என்று காட்டினார். முதல் குறை புரதத்தில் இல்லை, மொத்தச் சாப்பாட்டின் அளவில் இருக்கிறது என்றார். உலகமே புரதம் புரதம் என்று ஓடிய காலத்தில் அவர் அதைச் சொன்னார். அளவு முதலில், புரதம் அதோடு சேர்ந்து. இந்த வரிசை மாறக்கூடாது.

அதற்காகச் சோற்றை மட்டும் குவித்தால் போதும் என்று நினைத்துவிட வேண்டாம். குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவ விஞ்ஞானி 1920-களில் எலிகளைக் குழுக்களாகப் பிரித்து, இந்தியாவின் வெவ்வேறு வட்டாரச் சாப்பாட்டைப் போட்டு வளர்த்தார். ரொட்டி, பால், பருப்பு, காய் என்ற சீக்கியர் சாப்பாட்டு எலிகள் நன்றாக வளர்ந்தன. தீட்டிய அரிசியை நம்பிய சென்னை மாகாணச் சாப்பாட்டு எலிகள்தான் வரிசையில் கடைசி. நூறு வருஷம் கழித்து அதே சாப்பாட்டைப் பிளாஸ்டிக் கவரில் கட்டிக்கொண்டு பாலைவனத்துக்குப் போகிறோம்.

தொப்பையைப் பார்த்து ஏமாறுவதும் நடக்கிறது. கை மெலிந்து, தோள் எலும்பு துருத்தி, தொடை சூம்பி, வயிறு மட்டும் உப்பியிருக்கும். எண்ணெயும் மாவும் சர்க்கரைத் தண்ணீருமாக ராத்திரி ஒரே வேளை நிரப்பினால் வயிற்றில் கொழுப்பு சேரும், தசை சேராது. எடை மெஷினில் பெரிய மாற்றம் தெரியாது. முகமும் லேசாக ஊதியிருந்தால் வீட்டில் "வெளிநாடு ஒத்துக்கிச்சு, சதை போட்டிருக்கான்" என்பார்கள். தங்கமான அம்மாக்களே, அது சதை இல்லாமல் நீராகவும் இருக்கலாம். பழைய சட்டையின் தோள் தையல் எங்கே விழுகிறது, வாட்ச் மணிக்கட்டில் சுற்றுகிறதா, மாடிப்படி ஏறினால் தொடை நடுங்குகிறதா என்று கேளுங்கள். 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் 50 கிலோவுக்குக் கீழே இறங்கினால் ஊட்டக்குறைவு. 44 கிலோவுக்குக் கீழே போனால் ஆபத்து.

காசநோயை இதோடு சேர்த்துத்தான் பேச வேண்டும். நம்மில் பலருடைய உடம்பில் காசநோய்க் கிருமி சத்தமில்லாமல் படுத்துக் கிடக்கிறது. அதை அடக்கி வைத்திருப்பது நோய் எதிர்ப்புச் சக்தி. சாப்பாடு குறைந்தால் அந்தக் காவல் தளர்ந்துவிடும். ஜார்கண்டில் காசநோயாளிகளின் குடும்பத்தாருக்குக் கூடுதல் உணவுப் பொருள் கொடுத்து நடத்திய ரேஷன்ஸ் ஆய்வு 2023-ல் வெளியானது. உணவு கிடைத்த குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. பெரும்பாலும் சாப்பாடு செய்த வேலை. தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில் நோயாளி வந்ததும் முதலில் பார்ப்பது எடையும் உயரமும், கால் வீக்கமும், மூச்சு வேகமும், தானாக எழுந்து நிற்க முடிகிறதா என்பதும்தான். மோசமாக மெலிந்தவரை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். வளைகுடாவில் விசா எடுக்கவும் புதுப்பிக்கவும் மார்பு எக்ஸ்ரே எடுப்பார்கள் என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அந்தப் படத்தில் கறை தெரிந்தால் வேலைக்கே ஆபத்து என்று பயந்து, மாதக்கணக்கில் இருமலை மறைக்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், ராத்திரி வியர்வை, எடை குறைவு மூன்றும் சேர்ந்தால் மறைக்காதீர்கள். அதே ரூமில் இன்னும் பல பேர் படுத்திருக்கிறார்கள்.

வீட்டு வேலைக்குப் போன பெண்கள் இன்னும் மறைவாகத் தவிக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையின் மலையகத்திலிருந்தும் போனவர்கள். கேம்ப்பில் பக்கத்துக் கட்டிலில் ஒருவராவது இருப்பார். பூட்டிய வீட்டில் யார் இருக்கிறார்கள்? ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு அமீரகத்தைப் பற்றி 2014-லும் ஓமானைப் பற்றி 2016-லும் வெளியிட்ட அறிக்கைகளில் போதிய சாப்பாடு தராமல் வேலை வாங்கியதைப் பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுப் பணியாளருக்கு உணவு தருவது வேலை கொடுப்பவரின் கடமை என்று அமீரகச் சட்டமே சொல்கிறது. உங்கள் அக்காவோ தங்கையோ போனில் "சாப்பாடு பரவாயில்லை" என்று ஒரே வார்த்தையில் முடித்தால், பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று அர்த்தமாகலாம். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று கேளுங்கள். சாப்பாடு போதாத பெண்களுக்கு அது நின்றுபோவதுண்டு. பக்கத்தில் ஆள் இருந்தாலும் அதற்கு ஆம், இல்லை என்று பதில் சொல்லிவிடலாம்.

இப்போது நான் மிகவும் அஞ்சும் விஷயத்துக்கு வருகிறேன். பட்டினியால் துவண்டவரைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். மனசு பொறுக்காமல் என்ன செய்வோம்? பிரியாணி வாங்கிக் கொடுப்போம். ஜூஸ் குடிக்க வைப்போம். "ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க" என்று கிளினிக்கில் கேட்போம். நிறுத்துங்கள். இதில் உயிர் போகும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து முகாம்களிலிருந்து விடுதலையான கைதிகளில் பலர், பட்டினியைத் தாண்டி வந்து, சாப்பாடு கிடைத்த பிறகு செத்தார்கள். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். நாள்கணக்கில் பட்டினி கிடந்த உடம்பில் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் வற்றியிருக்கும். திடீரென்று மாவும் சர்க்கரையும் உள்ளே போனால் இன்சுலின் பாய்ந்து வரும். ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பேட்டும் செல்களுக்குள் போய்விடும். இதயத்துடிப்பு தாறுமாறாகும், மூச்சுத் தசை சோர்ந்துவிடும். வைட்டமின் பி1 வற்றியிருக்கும் நேரத்தில் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை குழம்பிப் போகும். சுருங்கிப்போன இதயத்துக்கு வேகமாக ஏற்றிய சலைனே பாரம். எல்லாம் முதல் சில நாட்களுக்குள் நடந்துவிடும்.

பத்து நாளுக்கு மேல் ஏறக்குறைய எதுவுமே சாப்பிடாதவர், மூன்று முதல் ஆறு மாதத்தில் 65 கிலோவிலிருந்து 55-க்கு இறங்கியவர், கால் வீங்கி எழுந்து நிற்க முடியாதவர் — இவர்களுக்கு முதல் சாப்பாடு ஆஸ்பத்திரியில்தான். போகும் வழியில் தண்ணீரும் சில வாய் நீர்த்த கஞ்சியும் போதும். எமர்ஜென்சியில் "இத்தனை நாள் சாப்பிடவில்லை" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் வெயில் மயக்கம் என்று நினைத்து டிரிப்ஸ் போட்டுவிடலாம். அமீரகத்தில் ஆம்புலன்ஸ் எண் 998. 2025 ஜனவரி 1 முதல் எல்லா எமிரேட்டுகளிலும் தனியார் கம்பெனித் தொழிலாளர்களுக்கு மருத்துவ இன்சூரன்ஸ் கட்டாயம். கார்டு கைக்கு வரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. சம்பளமோ சாப்பாடோ நின்றுபோனால் முதல் மாதத்திலேயே சொல்லுங்கள், ஆறாவது மாதம் வரை பொறுக்காதீர்கள். துபாயில் இந்தியத் துணைத் தூதரகத்தின் உதவி மையத்துக்குக் கட்டணமில்லாமல் 800 46342-ல் பேசலாம். சவுதி, கத்தார், குவைத், ஓமான், பஹ்ரைனில் இருப்பவர்களின் குறைகளை ஊரில் இருக்கும் குடும்பத்தாரே வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையதளத்தில் பதியலாம்.

அவ்வளவு தூரம் போகாதவர்கள், இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவர்கள், இந்த வாரமே தட்டை மாற்றலாம். பெரிய செலவில்லை. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். ராத்திரி ஊறவைத்த கொண்டைக்கடலையையோ கெட்டியான பருப்பையோ ரூமில் நாலு பேர் சேர்ந்து ஒரு குக்கரில் வைத்தால் இரண்டு நாளைக்கு ஓடும், ஃபிரிட்ஜ் இருந்தால். லபான் என்ற மோர் பாக்கெட் எந்த பக்காலாவிலும், அதாவது மளிகைக் கடையிலும், கிடைக்கும். வெயிலில் சோறு இறங்காதபோது அது இறங்கும். அரபிகள் காலையில் தின்னும் ஃபூல் என்ற அவரைப் பயறு டின்னில் மலிவாக வரும். குப்பூஸோடு அது நல்ல ஜோடி. மத்தி டின் ஒன்றை மதியப் பையில் போட்டுக்கொண்டால் மெஸ் சாம்பார் புளித்தாலும் கவலையில்லை. திறக்காத டின் கெடாது. சைட்டில் பகலுக்குள் ஒரு கைப்பிடி வேர்க்கடலை. எனர்ஜி டிரிங்க் வேண்டாம், அது சர்க்கரையும் காஃபீனும்தான். கால் வீக்கமோ சிறுநீரில் நுரையோ இருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுப் புரதத்தைக் கூட்டுங்கள்.

ஊரிலிருந்து பார்சல் கொடுத்து விடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அல்வாவையும் முறுக்கையும் பாதியாகக் குறைத்துவிட்டு, வறுத்து அரைத்த சத்துமாவு, பொட்டுக்கடலை, எள்ளுருண்டை, பருப்புப் பொடி கொடுத்து அனுப்புங்கள். வெந்நீர் மட்டும் இருந்தால் சத்துமாவுக் கஞ்சி ஆகிவிடும். ஆனால் மாவிலோ மசாலாவிலோ கசகசா ஒரு துளிகூட இருக்கக்கூடாது. அமீரகத்தில் அது தடை செய்யப்பட்ட போதைப்பொருள் கணக்கில் வரும். ஏர்போர்ட்டில் பிடிபட்டால் ஜெயில். கடையில் வாங்கிய குருமாப் பொடி, கறி மசாலா பாக்கெட்டென்றால் பின்பக்கம் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்துவிட்டுப் பையில் வையுங்கள்.